ஐசமைத் தேடி வந்தவள்

அமெரிக்காவின் சவுத் கரோலினாவில் டிசம்பர் மாதம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஓக் மரங்களுக்கு நடுவே அந்தப் பருத்திப் பண்ணைக்குப் போகும் மண் சாலையில் அதற்குமேல் ஒரு வண்டியும் வராது. என் சிநேகிதன் லமார் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மா ஆர்லெட்டாவுக்கு நடந்தது இது. கொஞ்சம் கிட்டே வாருங்கள்... சத்தமாகச் சொல்ல முடியாது.

பண்ணை இப்போது அருங்காட்சியகம். பெரியம்மா அங்கே வழிகாட்டி. வருகிறவர்கள் முதலாளியின் மாளிகையைச் சுற்றிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அடிமைகள் இருந்த குடிசைகள் பின்னால் இடிந்து கிடந்தன. வருஷக்கணக்காகச் சண்டை போட்டு, நாலு குடிசைகளைப் பழையபடி கட்ட வைத்தார் பெரியம்மா. கதவும் வைத்தார்கள்.

கதவு வைத்த பிறகுதான் தட்டும் சத்தம் கேட்டது.

ஒரு சாயங்காலம் பெரியம்மா கடைசிக் குடிசையில் பெருக்கிக்கொண்டிருந்தார். டொக்... டொக். ஈரமண் வாடை, வியர்வை வாடை. வெளியே ஒரு பெண் குரல். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கியது.

"எம் புள்ள ஐசம் வந்துட்டானா?"

தினமும் பார்வையாளர்களிடம் சொல்கிற பெயர்தான். ஐசம், ஆறு வயது. அடிமைக் காலத்தில், தாய் வயலில் இருந்தபோது அவனை விற்று வண்டியில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரவே இல்லை.

பெரியம்மா கதவைத் திறந்தார்... யாரும் இல்லை.

மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். வேலையை விட்டுவிடச் சொல்லி லமார் கெஞ்சினான். நானும் போய்விட்டால் அவள் யாரிடம் கேட்பாள் என்றார் பெரியம்மா.

ஒருநாள் அந்தக் குரல் அழுதது. பெரியம்மாவுக்குத் தாங்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பொய் சொன்னார்.

"வந்துட்டாம்மா. சாப்ட்டுட்டு உள்ள தூங்குறான். நீ நிம்மதியாப் போய்ப் படு."

வெளியே நீளமாக ஒரு மூச்சு... காலடிகள் மெல்ல விலகின. அதோடு சரி. அப்புறம் அவள் வரவே இல்லை. ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று பெரியம்மா பல நாள் கழித்து அன்றுதான் தூங்கினார்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம், மறுபடியும் டொக்... டொக். இந்தத் தடவை கதவின் கீழ்ப்பாதியில்.

"எங்கம்மா இருக்காங்களா? ரொம்பத் தூரத்துலேந்து நடந்து வர்றேன்..."

பொய் சொல்லி அவன் தாயை அனுப்பிவிட்ட பெரியம்மா கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு சின்னக் காலடிகள் நகர்ந்தன. பக்கத்துக் குடிசைக் கதவில் தட்டும் சத்தம்... அப்புறம் அதற்கடுத்த கதவில்.