முகம் தெரிந்தால் போதும்

எனக்குச் சைக்கிள் ஓட்ட வராது, ஐயா. தங்கைக்குப் பின்னால் ஓடி ஓடிப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். நான் ஏறினால் மட்டும் விழுந்துவிடுவேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். டைட்டானியப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கு அடுக்காக உதிரிபாகம் வளர்க்கிற தொழிற்சாலை எங்களுடையது. இயந்திரத்திலிருந்து வரும்போது பாகம் சொரசொரவென்று இருக்கும். பாதி உருகிய பொடி மேலே ஒட்டியிருக்கும். நடுநடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள். பெரிய பாரத்தை ஒரு தடவை ஏற்றினால் தாங்கும். சின்ன அதிர்வு திரும்பத் திரும்ப வந்தால் ஏதாவது ஒரு பள்ளத்தில் விரிசல் விழும். உலோகத்துக்கும் அலுப்பு உண்டு. அதனால் அமிலத்தில் முக்கி அந்தத் தோலைக் கரைப்போம். பிறகு பொடிப்பொடியான எஃகு மணிகளை வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்குவோம். மெருகு கடைசியில்தான், அதுவும் லேசாக.

தங்கையின் கணவர் அங்கே வடிவமைப்புத் தலைவர். வேலைக்குச் சிபாரிசு செய்தவன் நான். மேற்பரப்பைச் சரிசெய்கிற என் பிரிவுக்கு மாப்பிள்ளை வைத்த பெயர் 'மேக்கப் ரூம்'. கூட்டத்தில் அவர் அப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நான் கண்டுபிடித்த முறைகளோ அவர் பெயரில்தான் மேலிடத்துக்குப் போகும். உடைந்த மாதிரிகளைக் கொண்டுபோய்க் காட்டி விளக்கினேன். அதில் ஒன்றை எடுத்து, காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைத்துக்கொண்டார்.

"மச்சான், உங்க ரூமை மூடிடலாம்னு இருக்கேன். மெருகு மட்டும் போதும். பளபளன்னு அதுல முகம் தெரிஞ்சா வாங்குறவன் வாங்கிட்டுப் போறான்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை தன் சைக்கிளுக்கு எங்கள் இயந்திரத்தில் ஒரு டைட்டானியத் துண்டு அடித்துக்கொண்டு வந்தார். ஹேண்டில்பாரை முன்பக்கக் குழாயோடு பிணைக்கிற துண்டு. அவர் சொன்னபடியே செய்தேன். அமிலம் இல்லை, எஃகு மணியடி இல்லை, மெருகு மட்டும். மெருகேற்றும்போது உலோகம் இழுபட்டுப் பள்ளங்களின் வாயை மூடிவிடும். பள்ளம் உள்ளே அப்படியே இருக்கும். இது தெரிந்துதான் தேவைக்கு மேல் தேய்த்தேன். மாப்பிள்ளை அதில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார்.

பிறகு காத்திருப்பதுதான் வேலை. ஞாயிறு காலையில் அவர் மலைச்சாலையில் ஓட்டிவிட்டு வருவார். மதியம் நான் அங்கே சாப்பிடப் போவேன். அவர் கை கழுவும் நேரத்தில், நடையில் நிற்கிற சைக்கிளின் அந்தத் துண்டை நகத்தால் வருடிப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு நகம் மாட்டியது. விரிசல் வெளியே வந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்து, தங்கையிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

அடுத்த ஞாயிறு அவருக்கு இடுப்புப் பிடிப்பு, படுத்துவிட்டார். நான் போனபோது தங்கை சைக்கிளை வாசலுக்கு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு ரவுண்டு போயிட்டு வரேண்ணா. ஓட்டி ரொம்ப நாளாச்சு."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவளிடம் எனக்குப் பொய் சொல்ல வராது. இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன்.

"சீட்டு உனக்கு உயரம்" என்று சொல்லி, நானே இறக்கிக் கொடுத்தேன். பழைய பழக்கத்தில் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"விடுண்ணா, நான் போய்க்குவேன்" என்றாள்.

விட்டேன்.

இறக்கத்தில், பாலத்துக்கு முந்தைய வளைவில் துண்டு உடைந்தது. ஹேண்டில்பார் தனியாக அவள் கையோடு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள்.

சவக்கிடங்கு வாசலில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க அப்பவே சொன்னீங்க மச்சான். நான்தான் கேக்கல. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

'நீங்க அப்பவே சொன்னீங்க' என்று அவர் வாயால் கேட்க எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். ஆனால் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வந்து, தான்தான் கொன்றதாகச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். அதனால்தான் நானாக வந்தேன். அவர் செய்யவில்லை, ஐயா. அவருக்கு அந்த அளவுக்கு விஷயம் தெரியாது. தெரிந்து செய்தவன் நான். என் வேலையை எல்லாம் தன் பெயரில் போட்டுக்கொண்ட மனிதர். இதையும் அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

தங்கை மேல் எனக்கு உயிர். அதை யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்றே ஒன்று: உடைந்த இடத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். விரிசல் மேற்பரப்பில், மெருகு மூடிய ஒரு பள்ளத்தில்தான் தொடங்கியிருக்கும். நான் சொன்னது சரி என்று அறிக்கையில் மறக்காமல் போட்டுவிடுங்கள்.