அத்தைக்குப் போட்ட பாய்

ஹலோ... யாரு, மாஃபி, நீயா? ம், லூப்பே அக்காதான். வேற யாரு எடுப்பா என் போனை... கூப்பிடுவேன்னு தெரியும்டி. காலைலயே வரலன்னு சொல்லிட்டேன்ல, அப்புறம் எதுக்கு மறுபடி?... ஒண்ணும் கேக்கல. என்ன இரைச்சல் அங்க? தம்பி வீட்டுக் கராஜை விட்டு வெளிய வந்து பேசு... வர முடியாதா? அப்ப அங்கேருந்தே கத்து.

ஆமா... ஆமா, ஆமா. தம்பி பிள்ளை தௌஃபாவுக்கு மொத பொறந்த நாளு, அத்தைக்காரி வரல. அதுல என்ன சந்தேகம் உனக்கு?... ஏன்னா கேக்கற? தம்பி பொண்டாட்டி எனக்கு என்ன அனுப்பினா தெரியுமா? போன்ல ஒரு படம். நாலு பலூன், பல்லை இளிக்கிற ஒரு கரடி, கீழ 'அனைவரும் வருக'. அனைவரும். அவ வீட்டுக் குழாய் ரிப்பேருக்கு வந்தவனுக்கும் அதான் போயிருக்கும், எனக்கும் அதான்...

இல்ல, நீ இரு, நான் முடிச்சுக்கறேன். செமிசி எங்கிட்ட நேருக்கு நேரா வந்து பேச மாட்டான், எனக்குத் தெரியாதா. அக்காகிட்ட தம்பி அப்படிப் பேசற வழக்கம் நமக்குக் கிடையாது. அவனைப் பேசச் சொல்லலடி. ஆள் அனுப்பணும். ஒரு கூடை வள்ளிக்கிழங்கத் தூக்கிக்கிட்டு யாராவது என் வீட்டுக்கு வந்து, கீழ உக்காந்து, பிள்ளைக்கு அத்தை இல்லாம எப்படின்னு கேக்கணும். உன் மொத பொறந்த நாளுக்கு நம்ம அப்பா என்ன பண்ணாரு? அவரோட அக்கா வீட்டு வாசப்படியில போய் உக்காந்துட்டாரு. வாயே தொறக்கல. அவ பாட்டுக்குத் துணி காயப்போட்டா, பன்னிக்குத் தீனி வச்சா. கடைசில அவளே, சரி போ, வரேன்னா...

ஆமாமா. இது சிட்னி, டோங்கா இல்ல. இதைத்தான் செமிசி பொண்டாட்டி கலோவும் சொல்லிட்டுத் திரியறா. ஏண்டி, கடலைத் தாண்டிட்டா அத்தை என்ன அடுத்த வீட்டுக்காரி ஆயிடுவாளா?

என்னது, கேக்கு வந்துடுச்சா? எத்தனை தட்டு?... ஒண்ணா?... இல்ல, எனக்குப் புரியல, திரும்பச் சொல்லு... டிராக்டரா? டிராக்டர் மாதிரி கேக்கு. ம். நல்லா இருக்கும். மொத பொறந்த நாள் கேக்குல மேல் தட்டு அத்தைக்குன்னு ஊருக்கே தெரியும். டிராக்டர்ல எனக்கு எதைக் கொடுப்பா? சக்கரத்தைக் கழட்டித் தருவாளா?... சிரிக்காத. பிள்ளைக்குப் பிடிக்குமாம்ல, ஒரு வயசுப் பிள்ளை சொல்லுச்சா எனக்கு டிராக்டர்தான் வேணும்னு? அவனுக்கு இன்னும் தன் மூக்கு எங்க இருக்குன்னு தெரியாது.

பன்னி?... கடையிலேருந்தா? முழுசாவா, துண்டாவா?... துண்டு போட்டு. பிளாஸ்டிக் டப்பால. அடக் கடவுளே. பின்னாடி அவ்வளவு பெரிய தோட்டம் கிடக்கு, ஒரு குழி வெட்டி கல்லைக் காய வச்சு மண்ணடுப்பு போட இவனுக்கு முதுகு வளையல. செமிசிக்குச் சின்ன வயசுல குழி வெட்டக் கத்துக்கொடுத்தவளே நான்தான்.

கலோவோட அம்மா எங்க இருக்கா?... முன்னாடியா? நாற்காலியிலயா? பாரு, பாரு. பிள்ளையோட அம்மா வீட்டுக்காரங்க இன்னைக்கு அடுப்படியில நிக்கணும். கிழங்கு உரிக்கணும், தட்டு கழுவணும். உன் பொறந்த நாளுக்கு நம்ம அம்மா நிக்கலையா? கூனிக் குறுகிக்கிட்டு எல்லாருக்கும் பரிமாறினாங்களே, கௌரவம் குறைஞ்சா போச்சு? இந்தம்மா என்னடான்னா பூ வச்ச தொப்பியைப் போட்டுக்கிட்டு முன் வரிசையில...

என்ன சத்தமா? எங்க?... இங்க காரெல்லாம் ஒண்ணும் ஸ்டார்ட் ஆகல. பக்கத்து வீடு... இரு ஒரு நிமிஷம். ஏங்க பெனி, ஆஃப் பண்ணுங்க அதை. ஆஃப் பண்ணுங்கன்னா. யாரு கெளம்பறான்னு சொன்னது?... ம், சொல்லு மாஃபி. அது உங்க மாமா, சும்மா வண்டியைச் சூடு பண்றாரு. இல்லடி, எங்கயும் போகல. விசேஷத்துக்குக் கட்டற இடுப்புப் பாயைக் கட்டிட்டியாவா? சும்மாதான் கட்டியிருக்கேன். ஏன், என் வீட்டுல நான் கட்டிக்கக் கூடாதா?

சரி, அதெல்லாம் விடு. அத்தை உக்கார்றதுக்குப் பாய் போட்டிருக்காங்களா, அதைச் சொல்லு... நல்ல பாயா?... ஓரத்துல சிவப்பு இறகு வச்சதா? அது கலோவோட பாட்டி பின்னினது, அதை எடுத்திருக்காளா. ம். அந்தளவுக்காவது புத்தி இருக்கே. பாய் காலியாக் கிடந்தா பந்தி போட முடியாது, அதான் உன்னை விட்டு மறுபடி கூப்பிடச் சொல்றான். பசி எடுத்ததும் அக்கா ஞாபகம் வருது பாரு. என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே சொல்லு...

கூப்பிடச் சொல்லலையா?

ஏன் இழுக்கற... காலைல நான் வரலன்னதை அவன்கிட்ட சொன்ன. சரி. அவன் என்ன சொன்னான்?... 'சரி'யா? வெறும் சரியா?... அப்புறம்?... 'அக்கா வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.' அப்படியா சொன்னான்... நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆமா, நான்தான். அக்கா வேண்டாம்னா வேண்டாம்தான், ரெண்டாவது தடவ கேக்கறது மரியாதை இல்லன்னு. அது சட்டை கேக்கறதுக்கு, சைக்கிள் கேக்கறதுக்குடி. இதுக்குமா? மடையன். வடிகட்டின மடையன். சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டுத் தொங்குவான், சின்ன வயசுலேருந்தே...

ஜெபம் முடிஞ்சுடுச்சா? எப்போ?... பந்தி போட்டாச்சா? எப்படிப் போட்டாங்க? பாய்ல யாரு...

மாஃபி.

நீ எங்கேருந்துடி பேசற?

...

ம்.

இல்ல, இல்ல. தப்பில்ல. நான் வரலன்னா அடுத்த தங்கச்சிதான் உக்காரணும். செமிசி கையைக் காட்டினா நீ என்ன பண்ணுவ, மாட்டேன்னா சொல்ல முடியும்? இதைச் சொல்லத்தான் கூப்பிட்டியா? நான் எங்க சொல்லவிட்டேன் உன்னை... அழாத. பாய்ல உக்காந்துக்கிட்டு அழக் கூடாது, எல்லாரும் பாப்பாங்க.

எழுந்திருக்கறியா? எனக்காகவா?... ஆமாடி, எழுந்திரு. பக்கத்துலயே நில்லு, நான் வந்துடறேன், பத்து நிமிஷம். நான் வந்து நின்னா யாரு என்ன சொல்லுவா? அது என் இடம். ஒரே ஒரு தடவ, இன்னும் ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்டி. விடியறதுக்கு முன்னாடியே தலை வாரிட்டு உக்காந்திருக்கேன் நான். எழுந்திரு நீ...

என்ன? ஏன் முடியாது?

யாரு மடியில?... உன் மடியிலயா. தௌஃபாவா. தூங்கிட்டானா... எப்போலேருந்து?... வாயத் தொறந்துக்கிட்டா? கை?... உன் விரலையா பிடிச்சிருக்கான்.

எழுந்திருக்காத. அசையாத. தூக்கத்துல எழுப்பினா ராத்திரி முழுக்கக் கத்துவான். காலை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கோ, மரத்துப் போயிடும்... இல்ல, நான் வரல. இந்தத் தடவ நிஜமாதான் சொல்றேன்.

மெதுவாப் பேசு, பிள்ளை முழிச்சுக்கும். வெச்சுடு.