தாய்மாமன் மடி

...மடிதான் வேணுமாம்ண்ணே. நான்கூட வேணாமாம், என் மடி வந்தா போதுமாம். ஒரு பச்சப்புள்ளைக்குக் காது குத்த இந்த ஒலகத்துல வேற மடியே இல்லாத மாதிரி. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அந்தப் பெஞ்சுல ஆணி இருக்கு. எனக்குக் கிழிச்சிருச்சு, பாருங்க. சர்ச்சுக்குப் போடுற சட்ட.

நீங்களும் பீடோர் பஸ்ஸுக்குத்தான? நானும்தான். அதாவது... நானும்தான்னு வச்சுக்குங்க. இதுக்கு முந்தி வந்ததுல ஏறிருக்கணும். ஒரே கூட்டம். சரி, கூட்டமெல்லாம் இல்ல. ஒரு கெழவியும் அது கோழிக்கூடையுந்தான்.

விஷயம் என்னன்னா, எங்கக்கா வீரம்மா பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துல பாலெடுக்கக் கித்தா மரம் வெட்டுது. அதோட மவளுக்கு இன்னைக்குச் சாயங்காலம் மாரியம்மன் கோயில்ல மொட்ட போட்டுக் காது குத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். அக்காவுக்குக் கூடப்பொறந்தது நான் ஒருத்தன்தான். நானோ வேதக்காரன். அதான் சிக்கல்.

இல்லண்ணே, பொறந்ததுலேருந்து இல்ல. ஃபார்ம் ஃபைவ் படிக்கிறப்பதான். கூட்டாளி ஒருத்தன், 'சர்ச்சுல பிங்போங் மேச இருக்கு, வாடா'ன்னான். பிங்போங் ஆடப் போனேன், ஆண்டவரு புடிச்சிக்கிட்டாரு. சிரிக்காதீங்க. மத்ததுல நான் எவ்வளவு வேணா புளுகுவேன், அன்னைக்கு முழங்கால் போட்டு அழுதது நெசம்.

அப்பா வச்ச பேரு உடையப்பன். ஞானஸ்நானத்தப்ப டேனியல்னு மாத்திக்கிட்டேன். பைபிள்ல சிங்கக் கெபியில, அதான் சிங்கக் குகையில, பயப்படாம உக்காந்திருந்த ஆளு. எங்க தோட்டத்துல மண்டோர், அதான் கங்காணி, வீட்டு நாய் கொலச்சா நான் கித்தா மரத்துல ஏறிருவேன், அது வேற கத. எங்க பாஸ்டர் பேரக் கேளுங்க. ஸ்கந்தராஜா. சாட்சாத் முருகன் பேரு. யாழ்ப்பாணத்துக்காரரு, அதே பேர வச்சிக்கிட்டுத்தான் இவ்வளவு காலமாப் பிரசங்கம் பண்றாரு. 'மாத்தலயா பாஸ்டர்'னு கேட்டேன். 'அம்மா ஆசையா வச்ச பேர் தம்பி, அது என்னை என்ன செய்தது?'ன்னாரு. பெரியவங்களுக்கு எல்லாம் லேசா இருக்குண்ணே. நமக்குத்தான் எடுத்ததெல்லாம் கெபியா இருக்கு.

எங்க விட்டேன்... ஆங், அக்கா. புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த ஈப்போ டவுனு வரைக்கும் வந்துச்சு என்னையக் கூப்புட. நான் வேல பாக்குற டயர் கடை வாசல்ல நிக்கிது. கையெல்லாம் கரியோட நானும் நிக்கிறேன். 'ஞாயித்துக்கெழம காலைல ஆராதன இருக்குக்கா, வரமுடியாது'ன்னேன். போச்சு, பூசாரிகிட்டப் பேசி சாயங்காலத்துக்கு மாத்திருச்சு. 'கோயிலுக்குள்ள கால் வைக்கமாட்டேன்'னு சொல்லியனுப்புனேன். வெளிய தகரக் கொட்டாயில பாய் போட்டுக்கலாம்னு பதில் வந்துச்சு. 'துன்னூறு பூசமாட்டேன்'னேன். ஒனக்குப் பூச மாட்டாங்கன்னாங்க. 'சூடம் காட்டுனா எந்திரிச்சிருவேன்.' சரி, காட்டி முடிச்சப்புறம் வந்து உக்காருன்னாங்க. என்னதாண்ணே பண்றது இந்த ஆளுங்கள? ஒரு மனுசன் நிம்மதியா உபத்திரவப்படலாம்னா விடமாட்டேங்கிறாங்க. நான் ஒவ்வொரு கதவாச் சாத்துறேன், அவுங்க ஒவ்வொண்ணாத் தொறந்து வச்சிட்டு, 'வா தம்பி'ங்கிறாங்க.

அக்கா புருஷன், அர்ச்சுனன் மாமா, அது ஒரு படி மேல. 'ஏன் மச்சான், ஒனக்கு ஏசுசாமிகிட்ட பயமா, இல்ல புள்ள காச்சட்டையில மூத்திரம் போயிரும்னு பயமா'ங்குது.

விளையாட்டு இல்லண்ணே. நான் போகலன்னா மாமாவோட பங்காளி எவனாவது உக்காருவான். அந்த நல்லம்மா கெழவி, அதான் அக்காவோட மாமியா, இப்பவே ஆரம்பிச்சிருச்சாம். 'வேதத்துக்குப் போனவன் எங்க வரப்போறான், ஒனக்குப் பொறந்த வீடே இல்லேன்னு நெனச்சுக்க.' அதைக் காலம் பூரா சொல்லிக் காட்டும். அக்கா அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். எங்கம்மா போனப்புறம் என்னைய இடுப்புல வச்சிக்கிட்டு வளத்ததுண்ணே அது. எனக்குக் காது குத்துறப்ப நான் ஒதைக்காம காலப் புடிச்சிக்கிட்டதும் அதுதானாம். இந்தாங்க, பாருங்க, என் காதுலயும் ஓட்ட இருக்கு. ஞானஸ்நானத் தண்ணியில எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். இது மூடல.

இன்னொண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. கடையில தவுக்கே, அதான் சீன மொதலாளி, தரையில ஒரு செவப்புச் சாமி மேடை வச்சிருக்காரு. அதுக்குப் பூச செய்யிற பையன் வேலைய விட்டு நின்னுட்டான். காலைல வந்ததும் சின்னச் சின்னக் கோப்பையில தேத்தண்ணி ஊத்தி, ஊதுவத்தி பத்த வைக்கிறது யாருன்னு நெனக்கிறீங்க? சாட்சாத் டேனியல்தான். மொத நாளு வாயத் தொறந்து 'நான் கிறிஸ்டியன் தவுக்கே'ன்னு சொல்லிருக்கலாம். அவரு என்ன கடிக்கவா போறாரு. சொல்லலயே. வேல போயிருமேன்னு பயம். சம்பளம் குடுக்குற எடத்துல வராத விசுவாசம், சோறு போட்டு வளத்தவகிட்டதான் மீசைய முறுக்கிக்கிட்டு வருது.

சர்ச்சுல விடமாட்டாங்களான்னு கேக்குறீங்களா... அது... எல்லாரும் அதான் கேக்குறாங்க. தோட்டத்துலயும் அப்புடித்தான் நெனச்சிக்கிட்டிருக்காங்க, 'பாவம், பாதிரி தடுத்துட்டாரு'ன்னு. நானும் நெனச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

போன வாரம் வாலிபர் கூட்டம்ண்ணே. சாட்சி சொல்றவங்க சொல்லலாம்னாங்க. நான் எந்திரிச்சேன். ஏன் எந்திரிச்சேன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். அவருக்கும் பூமணிக்கும். பூமணின்னா, ஆர்கன் வாசிக்கிற பொண்ணு. 'என் சொந்த அக்கா பிள்ளையா இருந்தாலும் அந்த இடத்தில் போய் உட்கார மாட்டேன், சிங்கக் கெபியில் தள்ளினாலும் சரி'ன்னு புஸ்தகத் தமிழ்ல ஒரு போடு போட்டேன். எல்லாரும் அல்லேலூயாங்குறாங்க. ஆர்கன்லேருந்து தல நிமிந்துச்சு. அவ்வளவுதான், நான் அங்கயே மோட்சத்துக்குப் போயிட்டேன்.

கூட்டம் முடிஞ்சு நாக்காலி மடக்குறப்ப பாஸ்டர் பக்கத்துல வந்தாரு. மெதுவாத்தான் சொன்னாரு. 'தம்பி, உம்மட மடியைத்தானே கேக்கினம். மண்டியிடச் சொல்லேல்லையே. போய் இரும். பிள்ளையைப் பிடியும். அழுதா ஜெபம் பண்ணும்.' அவருக்கே நான் வசனம் சொன்னேன்ண்ணே. ஒண்ணு மாத்தி ஒண்ணு. பொறுமையாக் கேட்டுட்டு, 'நல்லாப் பாடமாக்கியிருக்கிறீர், ஆனாப் போம்'னுட்டுப் போயிட்டாரு.

ஆக, அக்கா கூப்புட்டாச்சு, பூசாரி எடம் குடுத்தாச்சு, பாஸ்டரே போன்னுட்டாரு. யாருதாண்ணே என்னையத் தடுக்குறது? போனேன்னா அடுத்த கூட்டத்துல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருறது? டேனியலு கெபிக்குள்ள போயிட்டு மாலையும் கழுத்துமா வெளிய வந்தா என்னா ஆவுறது?

தோடு வாங்கிட்டேன். இந்தா, பாக்கெட்ல. தாய்மாமன் சீரு. செவப்புக்கல்லு. குட்டிக் காதுதான, சின்னதாவே பாத்து எடுத்தேன். அண்ணே, நீங்க பீடோர்தான போறீங்க, இத மட்டும் குடுத்துர்றீங்களா? தோட்டத்து வாசல்ல அர்ச்சுனன் வீடுன்னா... ஏன்? வாங்க மாட்டீங்களா? மடி இல்லாத தோட எடுத்துக்கிட்டுப் போயி யாருகிட்டக் குடுக்குறதுன்னு கேக்குறீங்களா... சரி. நியாயம்தான்.

இந்தா வந்துருச்சு பஸ்ஸு. நீங்க ஏறுங்கண்ணே. நான் செருப்பு வார் சரி பண்ணிட்டு வாரேன். ஏறுங்க, எடம் போயிரும். பின்னாலயே வாரேன்... என்னண்ணே? பக்கத்துல எடம் போட்டு வச்சிருக்கீங்களா? வாரேன், வாரேன். இந்த வாரு ஒண்ணு... மணி அடிச்சிட்டான். என்னமோ சொல்றீங்க, கேக்கல. சன்னல் வழியா கைய நீட்டிக்கிட்டு... பாத்துண்ணே, பஸ்ஸு நவுருது, கைய உள்ள இழுங்க.

ஏறுடாங்கிறீங்க.

கேக்குதுண்ணே. நல்லாவே கேக்குது.