ஆறாவது இடத்தில் மலைக் கல்லூரி

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்னறை. மகளின் கல்லூரி விருப்பப் பட்டியலை இணையத்தில் உறுதிசெய்து பூட்டுவதற்கு அன்று மாலை ஐந்து மணி கடைசி. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண், பார்சல் கிடங்கில் லோடு சூப்பர்வைசராக இருக்கும் கணவரைப் போனில் அழைத்தார்.

ஹலோ... ஹலோ, என்னங்க, கேக்குதா?... கொஞ்சம் வெளிய வாங்க, லாரி சத்தத்துல ஒண்ணுமே விளங்கல... ஆங், இப்ப சரி. பாப்பாவோட பட்டியல் போட்டாச்சா?... பூட்டியும் ஆச்சா! அப்பாடா. ... ஆமா, ஆமா, நாந்தான் மதியமே போடச் சொன்னேன். ஆறு காலேஜும் போட்டீங்கல்ல?... சரி, சரி.

எதுக்கும் ஒரு தடவை வாசிங்க... நம்பாம இல்லீங்க. ரத்தம் எடுக்கும்போதே பேரை ரெண்டு தடவை கேக்கறவ நான். வாசிங்க.

ம்... என்னது? முதல்ல பஸ் ஸ்டாண்ட் காலேஜா? கீழேருந்து வாசிக்கிறீங்களா?... மேலேருந்தா? அதுக்கு நேரா ஒண்ணுன்னு போட்டிருக்கா?... அப்ப மலை மேல இருக்கற காலேஜ்?... ஆறாவதா!

ஐயோ.

ஒரு நிமிஷம் இருங்க... அம்மா, பஞ்சை எடுக்காதீங்க, கையை மடக்காம அழுத்திப் பிடிச்சுக்கங்க, இதோ வந்துடறேன்... ஹலோ. எப்படிங்க ஆறாவது ஆச்சு? பாப்பா ஒண்ணு, ரெண்டுன்னு பேப்பர்ல எழுதித்தானே குடுத்துச்சு?... தலைகீழா ஏத்தினீங்களா? ஏன்?... கடைசியா ஏத்தினாத்தான் முதல்ல இறங்குமா? கடவுளே! அது லாரிங்க! இது காலேஜ்! இருபது வருஷமா பெட்டி ஏத்தி ஏத்தி... இல்ல, கத்தல. நான் கத்தலைங்க.

கேளுங்க. சீட்டு ஒதுக்கறவங்க மேலேருந்து பாத்துக்கிட்டே வருவாங்க. எது முதல்ல கெடைக்குதோ அதைக் குடுத்துட்டு, கீழ இருக்கறதைத் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. பாப்பா மார்க்குக்கு பஸ் ஸ்டாண்ட் காலேஜ்ல கண்ணை மூடிக்கிட்டு சீட்டு குடுப்பாங்க... ஆமா, ஆமா, மோசமான காலேஜ் இல்லதான், யாரு சொன்னா? எதுவுமே இல்லேன்னா கைகொடுக்கும்னு அடியில வச்சது. அதைக் கொண்டுபோய் உச்சியில உக்கார வச்சிருக்கீங்க.

அந்த ஆறு காலேஜை பாப்பா எப்படிப் பொறுக்குச்சு தெரியுமா?... உங்களுக்கு எங்க தெரியும், நீங்க வீட்டுல இருந்தாத்தானே. மத்த பிள்ளைங்க, படிச்சா வேலை கெடைக்குமான்னு கேக்கும். இது ஒவ்வொரு ஹாஸ்டலுக்கா போன் போட்டு, 'இருபத்து மூணு நத்தை வளக்கறேன், கூட கொண்டு வரலாமா'ன்னு கேட்டுச்சு... சிரிக்காதீங்க... ஆமா, அதுங்க முதுகுல இருக்கற நம்பர் எல்லாம் என் நகப்பாலிஷ்தான், எனக்குத் தெரியாதா? ரெண்டு எடத்துல போனைப் பட்டுன்னு வச்சுட்டாங்க. ஒருத்தர், வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா குடும்மான்னாராம். பஸ் ஸ்டாண்ட் காலேஜ்ல, 'படிக்க வரியா, கண்காட்சி போட வரியா'ன்னு கேட்டிருக்காங்க. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கின பிள்ளையை!

ஆத்தோரத்துக் காலேஜ் வார்டனம்மா மட்டும், 'அதுங்க என்ன சாப்பிடும்?'னு கேட்டாங்களாம். ஏன் எதுக்குன்னு கேக்கவே இல்லையாம். அதனாலதான், விலங்கியலுக்குப் பேர் போன ரெண்டுக்கு அடுத்து, அதை மூணாவதா வச்சுச்சு. 'மலையில கெடைக்காட்டியும் இங்க நான் இருந்துக்குவேம்மா'ன்னு சொல்லிச்சு. பள்ளிக்கூடத்துல ஏழு வருஷம் தனியா சாப்பிட்ட பிள்ளைங்க அது. இருந்துக்குவேன்னு அது வாயால ஒரு எடத்தைச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

...

என்னங்க. ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. தெரிஞ்சேதான் போட்டீங்களா?... இல்ல, பஸ் ஸ்டாண்ட் காலேஜ்னா வீட்டுலேருந்தே போயிட்டு வந்துடும்ல, அதான்... என்னங்க, போனை வச்சுடாதீங்க!

... சரி. சரிங்க. கேட்டது தப்பு. தப்புன்னுதான் சொல்லிட்டேனே... ஏன் கேட்டேன்னா, நீங்க ஆறாவதுன்னு சொன்னதும் எனக்கு நெஞ்சு பதறுச்சு. பதறின கையோட ஒரு நிம்மதியும் வந்துச்சு. பாப்பா எங்கயும் போகாதுன்னு. இப்படியே விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு... ஆமா. எனக்கேதான் தோணுச்சு. அந்தப் பழியைத்தான் உங்க தலையில கட்டப் பாத்தேன்.

... என்னது? உங்களுக்குமா?... எப்ப, இப்பவா? நான் பேசிக்கிட்டு இருக்கும்போதா?... நல்ல அப்பா, நல்ல அம்மா. ஜாடிக்கேத்த மூடி.

மணி என்ன?... மூணே காலா! சரி, கவனமா கேளுங்க. தபால் ஆபீஸ் மாடியில உதவி மையம் இருக்கு. பூட்டினதை அங்க ஒரே ஒரு தடவை திறந்து தருவாங்களாம், நேத்து ஒரு அம்மா ஊசிக்குக் கை நீட்டிக்கிட்டே சொன்னாங்க... நான் போய் என்ன செய்ய? ஓடிபி உங்க போனுக்குத்தானே வரும். நீங்கதான் போகணும், அடையாள அட்டையோட... லாரி நிக்கட்டும்! பார்சல் நாளைக்கு இறங்கினா ஒண்ணும் குடி முழுகிடாது. இது பாப்பாவோட மூணு வருஷப் படிப்புங்க... உங்க மேனேஜர்கிட்ட உண்மையையே சொல்லுங்க. தலைகீழா ஏத்திட்டேன்னு சொன்னா அவருக்கு நல்லாவே புரியும்.

பாப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க... இல்ல. சொல்லிடுங்க. மறைச்சா அது இன்னும் தப்பு. அது எழுதின பேப்பர் எங்க?... லோடு ஷீட்டோட சேத்துக் குத்தி வச்சிருக்கீங்களா! நல்லா வச்சீங்க. பிச்சு எடுங்க. படிங்க... ம், மலை... ரெண்டு, மணிக்கூண்டுக் காலேஜ், சரி... மூணு, ஆத்தோரம்... ம்... ம்... ஆறு?... பஸ் ஸ்டாண்ட். அப்படியே போடுங்க. ஒண்ணுன்னா ஒண்ணுதான். பூட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன்...

வரேம்மா, வரேன், ஒரு நிமிஷம்...

கிளம்பிட்டீங்களா? வண்டிச் சாவி... என்ன, லாரியிலயேவா போறீங்க? யாரு ஓட்டறது?... ஹலோ?... ஹலோ?

இணைப்பு அறுந்தது.

நாலு மணி நாற்பத்தாறு நிமிடத்துக்குப் பட்டியல் திறக்கப்பட்டு, வரிசை திருத்தப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டது. முடிவு ஜூலை 9 அன்று வந்தது. மலைக் கல்லூரியும் மணிக்கூண்டுக் கல்லூரியும் கிடைக்கவில்லை. ஆற்றோரக் கல்லூரியில் விலங்கியலுக்கு இடம் கிடைத்தது. விடுதியில், நத்தைகளையும் வைத்துக்கொள்ள வசதியாக, தரைத்தள அறை ஒதுக்கினார்கள்.