வெள்ளத்தோடு வந்த பலகை

மூதூர் போகும் லாஞ்சிப் படகில் எனக்கு முன்னால் இருந்த வயல்காரர் தன் மச்சானிடம் சொன்னார்: "பட்டாளம் வேலி அடிச்ச ஆத்துமேடு இப்ப என்ர வயலில கிடக்கு."

"மேடு என்ன, நடந்து வந்ததோ?"

"ஜப்பான்காரன் வருவான் எண்டு முள்ளுக்கம்பி அடிச்சாங்கள். வந்தது மாவலி ஆத்து வெள்ளம். முழங்காலளவு வண்டல், அதுக்கு மேல 'ஒருத்தரும் வரக்கூடாது' எண்ட பலகை கட்டையோட குத்தி நிக்குது."

"நல்ல வண்டலெல்லே, விதையுங்கோவன்."

"விதைக்கப் போனனான். பட்டாளத்தான் பலகையைக் காட்டிக் கலைச்சுப்போட்டான்."

"பிடுங்கி எறியுங்கோ."

"ஐயோ, அரசாங்கப் பலகை, எறிய ஏலாது. கட்டையை மட்டும் கொஞ்சம் இளக்கி விட்டிருக்கிறன். அடுத்த வெள்ளத்துக்குப் போயிடும்."

"எங்க போகும்?"

"உங்கட வயல் என்ர வயலுக்குக் கீழதானே, மச்சான்."