திறந்து வைத்த பீர்

ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, தங்கச் சுரங்கத்து ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினால் நான் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“பண்டிகையாச்சே, ஒரு பீரு வாங்கித் தரேன், வாண்ணே,” என்றான் இளையவன்.

“வேணாம்பா. நல்லா இருந்துடப் போவுது,” என்றார் மூத்தவர்.

“நல்லா இருந்தா இன்னாண்ணே தப்பு?” என்று இவன் சிரித்தான்.

“போன கிறிஸ்துமஸுக்கு எனக்கும் என்கூட சம்மட்டி அடிச்ச மாணிக்கத்துக்கும் சேத்து துரை ஒரு பாட்டில் குடுத்தாரு. தெறந்ததும் நொரை பொங்கிச்சு. உடனே குடிக்கலாம்னான் அவன். நான்தான், கள்ளு மாதிரி புளிக்கட்டும், ஷிப்ட் முடிச்சு வந்து குடிக்கலாம்னு தெறந்தே வெச்சேன்.”

“அய்யய்யோ, பீரு வீணாப் போயிடுமே!”

“எனக்கு இன்னா தெரியும்? அந்த ஷிப்டுலயே பாறை சரிஞ்சு அவன் போயிட்டான். அடக்கம் பண்ணிட்டு வந்து குடிச்சுப் பாத்தேன். சப்புன்னு இருந்துச்சு. பால் ஊத்தப் போனப்போ, ‘பீருல ஒண்ணும் இல்லடா, நீ எதையும் விட்டுடல’ன்னு அவன் குழிகிட்ட சொல்லிட்டு வந்தேன்.”

ரயில் வந்து நின்றது. மூத்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“இன்னிக்குக் குடிச்சு, அது நல்லா இருந்துட்டா, அவங்கிட்ட இன்னான்னு போய்ச் சொல்லுவேன்?”