கோவாப் புழுவுக்கு வந்த கிருமி

"உதென்ன மருந்து தம்பி உது? புழுவுக்குப் பால்மா கரைச்சுக் குடுத்த மாதிரியெல்லோ கிடக்கு! இஞ்சை பாருங்கோ, இலையே இது? ஓட்டை ஓட்டையாய் அரிதட்டு!"

விவசாயக் கந்தோரிலிருந்து சைக்கிளில் புத்தூருக்கு வந்த தில்லைநாதனுக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பூச்சிமருந்து ஒன்றும் யாழ்ப்பாணத்துக்கு வராத வருசம் அது. எப்படியோ வந்து சேர்ந்த, கிருமியிலிருந்து செய்த புழு மருந்திலும் கடைசிப் பைக்கற் ஒன்றுதான் அவன் பையில் மிச்சம். அதை வாங்காமல் அவனை விடுவதில்லை என்றுதான் கமலாவதி தொண்டையைத் திறந்திருந்தாள். அது இல்லாவிட்டால் அவளுடைய நானூறு முட்டைக்கோவாவும் புழுவுக்குத்தான்.

"போன கிழமை என்ன சொன்னனீங்கள்? புழுவைக் கொல்லுற புரதத்தைச் செய்யிற வித்தையை ஒரு கிருமியிட்டையிருந்து எடுத்து, இன்னொரு கிருமிக்குப் பழக்கியிருக்கினமாம். எங்கடை வீட்டுப் பொடியனுக்கு வாய்ப்பாடே ஏறுதில்லை, அவை கிருமிக்குப் படிப்பிச்சிருக்கினம்! திண்ட புழுவுக்கு வயிறு ஓட்டையாகுமாம்... எங்கை ஓட்டை? தொந்தியெல்லோ வைச்சிருக்கு! வெயில் பட்டாலே பழுதாப் போகும், பின்னேரம் அடியுங்கோ எண்டியள். ஓம், பின்னேரந்தான் அடிச்சனான்.

அங்கை பாருங்கோ, வேலிக்கு அங்காலை, மீனாம்பிகையின்ரை கோவாவை. புழுவெல்லாம் கறுத்துச் சுருண்டு தொங்குது. நாலு வருசமாய் அவளோடை எனக்குக் கதை பேச்சில்லை, வேலிக் கதியால் பிரச்சினை, அது வேறை... அவளுக்கு நல்லதைக் குடுத்திட்டு எனக்குப் பழசைத் தள்ளிவிட்டியளோ எண்டு ஐமிச்சமாக் கிடக்கு. அவள் பச்சைத்தண்ணியிலை கரைச்சு அப்பிடியே அடிச்சவள், துப்புரவு தெரியாதவள்! நான் அப்பிடியே? கிருமி எண்டால் கிருமிதானே தம்பி. வாந்திபேதி பரவுது, எதையும் கொதிக்க வையுங்கோ எண்டு போன மாசந்தானே வீடு வீடாய் வந்து சொன்னவை. மருந்தைக் கிடாரத்திலை கரைச்சு, பனைமட்டை எரிச்சு, தளதளவெண்டு மூண்டு கொதி விட்டு, ஆறவைச்சு, துணியிலை வடிச்செல்லோ அடிச்சனான்! ஒரு கிருமி உயிரோடை மிஞ்சியிருக்குமே?

என்ன, தலையிலை கை வைக்கிறியள்? வெயிலோ? இருங்கோ, பனங்கட்டியோடை தேத்தண்ணி கொண்டுவாறன். நீங்கள் அந்தப் பைக்கற்றை எடுத்து வையுங்கோ."

தேத்தண்ணி மூக்குப்பேணியோடு திரும்பி வந்தபோது ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. வேலிக்கு அங்காலே மீனாம்பிகையின் குரல்தான் கேட்டது.

"என்ன? கொதிக்க வைச்சவவோ? ஐயோ தம்பி, மருந்தெல்லாம் அவிஞ்சு போயிருக்குமே!"

பிறகு ஒரு சிரிப்பு. நிற்காத சிரிப்பு.

கமலாவதி கோவாப் பாத்தியைப் பார்த்தாள். கிடுகு வேலியைப் பார்த்தாள். தேத்தண்ணியைத் தானே ஒரு மிடறு குடித்தாள். பிறகு கிடுகை விலக்கித் தலையை நீட்டினாள். அந்தக் கடைசிப் பைக்கற் மீனாம்பிகையின் கையில் இருந்தது.

"மீனாம்பிகை... உதிலை பாதி தருவியே? பச்சைத்தண்ணியிலைதான் கரைப்பன்."